அரசாங்கத்துக்கு ஒரு கறவை மாடு

1961ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஏழே முக்காலுக்கு அலுவலகம் போனேன். பேனாவில் மை நிரப்பினேன். தமிழ்ப் பத்திரிகைகளில் அரசாங்கத்தைப் பற்றி வந்திருந்த செய்திகளைக் கத்தரித்துத் தாளில் ஒட்டினேன். தேநீருக்குப் பிறகு, அன்று மாலைக் கூட்டத்துக்கான உரையை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி முடித்தேன். மதியம் மழை பெய்து விட்டது. இவ்வளவும் என் நாட்குறிப்பில் ஒழுங்கான கையெழுத்தில் இருக்கின்றன. அதற்குக் கீழே உள்ளவை அவ்வளவு ஒழுங்காக இல்லை.

வரவு செலவுத் திட்டத்தை மக்களுக்கு விளக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். எப்படி உரை தயாரிப்பது, எப்படிப் படம் வரைவது என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித்தருவார்கள். நான் சொல்லப்போவது, கூட்டம் கையை மீறிப் போகும்போது என்ன செய்வது என்பதைப் பற்றி. அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணத்தில் ஒரு மாடு வருகிறது.

அப்போது நான் அரசாங்கத் தகவல் பிரிவில் தமிழ் அலுவலர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தகுதிகாண் காலம் அந்த மாதத்தோடு முடிய இருந்தது. வீட்டில் இரண்டாவது குழந்தையை எதிர்பார்த்திருந்தோம். என்னை நிரந்தரமாக்கலாமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று எழுதவேண்டியவர் எங்கள் உதவி இயக்குநர். அவர் சீனர். ஆங்கிலம், ஹொக்கியன், மலாய் மூன்றும் சரளமாகப் பேசுவார். தமிழில் ‘வணக்கம்’ மட்டும் தெரியும். அதையும் விடைபெறும்போதுதான் சொல்வார்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. ஒலிபெருக்கி வேனை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், அரசாங்கத்துக்குப் பணம் எப்படி வருகிறது, எதற்குச் செலவாகிறது என்று விளக்குவோம். மக்கள் அமைதியாகக் கேட்பார்கள். ‘கேள்வி இருந்தால் கேளுங்கள்’ என்போம். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் வரும்: ‘படம் எப்ப சார் போடுவீங்க?’ ஏனென்றால் உரை முடிந்ததும் வேனிலிருந்து திரையை இறக்கி இலவசமாகப் படம் காட்டுவது வழக்கம்.

அன்று காலை அவர் என்னிடம் சொன்னார்: “பணத்தைப் பற்றி ஒருவராவது ஒரு கேள்வி கேட்கவேண்டும். அப்படிக் கேட்டால்தான் இது கூட்டம். இல்லாவிட்டால் நாம் சினிமாக் கொட்டகை நடத்துகிறோம்.”

மாலை ஐந்தரை மணிக்கு, ஃபேரர் பார்க்குக்குப் பக்கத்தில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த சந்து ஒன்றில் கூட்டம். அந்த வட்டாரத்தில் அப்போதும் ஒன்றிரண்டு மாட்டுக் கொட்டகைகள் மிஞ்சியிருந்தன. நாற்காலிகள் கொடுத்து உதவியவர் வட்டார நற்பணிச் சங்கத்தின் செயலாளர் மாணிக்கம். அந்தப் பக்கத்தில் நாடகமோ, அன்னதானமோ, திருமண வரவேற்போ எது நடந்தாலும் மைக்கில் பேசுபவர் அவர்தான். மைக்கைத் தொட்டதும் அவருடைய குரல் தானாகவே ஒரு பங்கு பெரிதாகிவிடும்.

அரசாங்கச் செலவைக் காட்டும் வட்டப் படம் ஒன்றைப் பெரிய தாளில் வரைந்து கொண்டுபோயிருந்தோம். கல்விக்கு ஒரு பங்கு, வீடமைப்புக்கு ஒரு பங்கு, சுகாதாரத்துக்கு ஒரு பங்கு என்று பச்சை, மஞ்சள், நீலம். அதை அரிசிக் கஞ்சிப் பசையால் பலகையில் ஒட்டி, வேனுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தோம். அந்தப் பசை இன்னும் காயவில்லை.

நான் உரையைப் படித்தேன். வரவைச் சொன்னேன். செலவைச் சொன்னேன். கடைசியில் உதவி இயக்குநர் எழுதியிருந்தபடியே நேர்மையாகச் சொன்னேன்: “இந்த முறை வரவைவிடச் செலவு கூடுதல். கொஞ்சம் துண்டு விழுகிறது.”

கூட்டத்தில் ‘உச்’ என்று பல நாக்குகள் கொட்டின. பின்வரிசையில் யாரோ, “அடப் பாவமே” என்றார். அப்போதே நான் விழித்திருக்கவேண்டும். உரையை மடித்து, “கேள்விகள் இருந்தால்…” என்று ஆரம்பிப்பதற்குள் மாணிக்கம் மைக்கை என் கையிலிருந்து மிகவும் மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

“அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! அரசாங்கத்துக்குத் துண்டு விழுதுன்னு சார் நம்மகிட்ட வந்து, வெட்கத்தை விட்டுச் சொல்லிட்டாங்க. நம்ம சந்து சும்மா உட்கார்ந்திருக்குமா?”

அவரைக் குறை சொல்லமுடியாது. அந்த வட்டாரத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துப் ‘பணம் போதவில்லை’ என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுத்தபடியாகச் செயலாளர் கைக்குட்டையை விரிக்கவேண்டும். விரித்தார்.

முன்வரிசையிலிருந்து பலசரக்குக் கடை சாகுல் ஹமீது பாய் எழுந்தார். காதில் ஒரு சிகரெட்டைச் செருகியிருந்தார். “எழுதிக்க மாணிக்கம். பத்து வெள்ளி.”

“பலசரக்குக் கடை சாகுல் ஹமீது பாய், அரசாங்கத்துக்குப் பத்து வெள்ளி!”

கைதட்டல். உதவி இயக்குநர் என் பக்கம் சாய்ந்து, “என்ன சொல்கிறார்கள்?” என்றார்.

“ஆர்வமாக இருக்கிறார்கள், சார்,” என்றேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையுமில்லை. நண்பர்களே, மேலதிகாரிக்கு மொழிபெயர்க்கும்போது பாதியில் நிறுத்தாதீர்கள். மீதிப் பாதி எப்படியும் நடந்துவந்து அவர் முன்னால் நிற்கும். அன்று அது நான்கு காலால் நடந்துவந்தது.

ஆர்வம் என்று கேட்டதும் உதவி இயக்குநர் மகிழ்ந்துபோய்த் தானும் கைதட்டினார்.

“பார்த்தீங்களா, தொரையே தட்டிட்டாரு!” என்றார் மாணிக்கம். அத்தோடு வசூல் அதிகாரபூர்வமாகிவிட்டது.

பால்கார கோவிந்தசாமி எழுந்து நின்றார். அவருக்கும் பாய்க்கும் பகை எதுவும் கிடையாது. ஒருவர் கடையில் ஒருவர் உட்கார்ந்து தேநீர் குடிப்பவர்கள். ஆனால் போன அன்னதானத்தில் பாய் கொடுத்த அரிசி மூட்டைகள் கோவிந்தசாமி கொடுத்ததைவிட ஒன்று அதிகம். அதை மாணிக்கம் மைக்கில் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

“இருபது!” என்றார் கோவிந்தசாமி.

“இருபத்தஞ்சு,” என்றார் பாய், உட்கார்ந்தபடியே நோட்டுகளைக் கைக்குட்டையில் போட்டு.

“முப்பது!”

“அண்ணே, உட்காருங்க. கையில இருக்கிறதைப் பேசுங்க லா,” என்று பாய் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் கெடுத்தது. கோவிந்தசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். “கையில இல்லாட்டி என்ன? கொட்டகையில இருக்கு. என் கறவை மாடு! அரசாங்கமே வச்சுக்கட்டும்!”

சந்தே அதிர்ந்தது. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து, “யோவ்!” என்று ஒரு குரல் அந்தக் கைதட்டலுக்கு மேலே கேட்டது. அது அவருடைய மனைவி லெட்சுமி அம்மா. அந்த வீட்டில் பால் கறந்து, வாடிக்கை பார்த்து, வீட்டை நடத்துபவர் அவர்தான் என்பது பிறகு தெரிந்தது. கொட்டகையோ பத்து வீடு தள்ளித்தான். யாரோ இரண்டு பேர் உற்சாகமாக ஓடி, மாட்டை அவிழ்த்துவந்து எங்கள் வேனின் பின்கம்பியில் கட்டிவிட்டார்கள்.

உதவி இயக்குநர் கைதட்டுவதை நிறுத்தினார். “அந்த மாடு எதற்கு?”

“உங்களுக்கு, சார்.”

இனி மறைக்க முடியாது. முழுவதையும் சொன்னேன். பற்றாக்குறையைத் தீர்க்க மக்கள் நன்கொடை கொடுக்கிறார்கள். அவர் கைதட்டியதால் அரசாங்கம் ஏற்றுக்கொண்டதாக நினைக்கிறார்கள். அவர் முகம் மெல்ல வெளுத்தது. அனுமதியில்லாமல் பொதுமக்களிடம் வசூல் செய்யும் அரசு ஊழியருக்கு என்ன நடக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நிரந்தரமாகாதவனுக்கு இன்னும் சீக்கிரமாக நடக்கும்.

“நிறுத்துங்கள்,” என்றார்.

“எப்படி, சார்?”

“உங்கள் மொழி, உங்கள் மைக். பணமும் மாடும் இங்கிருந்து போகவேண்டும். யார் மனமும் நோகக்கூடாது. மனம் நொந்தால் நாளைக்குப் பத்திரிகையில் வரும்.” பிறகு சற்று யோசித்து, “முதலில் மாடு போகட்டும்,” என்றார். ஏனென்றால் அது கஞ்சிப் பசையின் வாசனையைக் கண்டுபிடித்துவிட்டிருந்தது. நாங்கள் பார்க்கும்போதே கல்வியைத் தின்றுமுடித்து, வீடமைப்பில் வாய் வைத்தது.

நான் மைக்கை வாங்கி, உங்களில் யாரும் செய்யக்கூடிய அதே தவறைச் செய்தேன். விதியைச் சொன்னேன். “உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் சட்டப்படி அரசாங்கம் இதை ஏற்க முடியாது.”

“ஏன் சார்? எங்க காசு செல்லாதா?”

“பணக்காரங்க குடுத்தா வாங்குவீங்களோ?”

கோவிந்தசாமி மாட்டின் பக்கத்தில் போய், அதன் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், “மைக்ல பேரைச் சொல்லியாச்சு தம்பி. இப்ப ஓட்டிக்கிட்டுப் போன்னா, நான் நாளைக்கு இந்தச் சந்துல எப்படி நடக்கிறது?” என்றார்.

லெட்சுமி அம்மா எழுந்து நேராக என்னிடம் வந்தார். “தம்பி, மாடு வீட்டுக்கு வந்தாகணும். அது போனா நாங்க தெருவுலதான். ஆனா நாலு பேர் முன்னால இந்த மனுசனை அசிங்கப்படுத்திடாதீங்க. அதை வீட்டுல நான் பார்த்துக்கிறேன்.”

மாடு போகவேண்டும், மானம் போகக்கூடாது. என் வேலையும் போகக்கூடாது. அந்த நேரத்தில் எனக்கு முன்னால் தெரிந்தது பாயின் காதில் இருந்த சிகரெட் ஒன்றுதான்.

“பாய்,” என்றேன் மைக்கில். “ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிப்பீங்க?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “அது எதுக்குத் தம்பி? ஒரு டப்பா… சில நாள் கூட ஆகும்.”

“ஒவ்வொரு சிகரெட்லயும் அரசாங்கத்துக்கு வரி போகுது. அது நீங்க குடுத்த காசு. எத்தனை வருசமாப் பிடிக்கிறீங்க?”

“சண்டைக் காலத்துல சப்பான்காரன் வர்றதுக்கு முன்னாலருந்து.”

எனக்கு மாணிக்கத்தின் குரல் எப்படி வந்ததோ தெரியாது. வந்தது. “பலசரக்குக் கடை சாகுல் ஹமீது பாய்! சப்பான்காரன் காலத்துக்கு முந்தியிருந்து இன்றுவரை, நாள் தவறாமல், அரசாங்கத்துக்கு நன்கொடை!”

கைதட்டல் வானத்தைத் தொட்டது. பாய் எழுந்து நான்கு பக்கமும் சலாம் வைத்தார். பிறகு எதையோ யோசித்தவர்போல மாணிக்கத்திடம் கையை நீட்டினார். “அப்ப நான் முந்தியே குடுத்தாச்சு. ரெண்டு தடவை குடுக்க நான் என்ன பைத்தியமா லா? எடு என் இருபத்தஞ்சை.” கைக்குட்டை காலியானது.

மாணிக்கம் கெட்டிக்காரர். விஷயம் பிடிபட்டதும் மைக்கைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். இந்தத் தடவை மரியாதைக்கு நேரமில்லை. “அடுத்து நம்ம பால்கார கோவிந்தசாமி அண்ணன்! மாட்டுக் கொட்டகைக்கு லைசென்ஸ் கட்டுறாரு. சைக்கிளுக்குக் கட்டுறாரு. அது மட்டுமா? அரசாங்கக் கள்ளுக்கடை வருமானம் யாரால வருது? தினசரி சாயங்காலம் போய்…”

“டேய் மாணிக்கம்!” என்றார் கோவிந்தசாமி.

“…ஒரு நாள்கூடத் தவறாம…”

“தினசரியா?” லெட்சுமி அம்மா திரும்பினார். “சனிக்கிழமை மட்டும்னு சொன்னே?”

கோவிந்தசாமி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், மாட்டையே வச்சுக்குங்க சார். இதை மட்டும் மைக்ல சொல்ல வேணாம்னு சொல்லுங்க சார்.”

சந்தில் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து நழுவினார். உதவி இயக்குநர் என் சட்டையை இழுத்தார். இந்தத் தடவை எல்லாவற்றையும் வரிவிடாமல் மொழிபெயர்த்தேன். அவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார்.

மாணிக்கம் விடவில்லை. “லெட்சுமி அக்கா மட்டும் சும்மாவா? ஒரு சினிமா விடமாட்டாங்க. அழுகைப் படம்னா ரெண்டு தடவை. ஒவ்வொரு டிக்கெட்லயும் கேளிக்கை வரி! அக்காவும் நன்கொடையாளர்தான்!”

கைதட்டினார்கள். லெட்சுமி அம்மா சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நெசமாவா தம்பி? நான் டிக்கெட் வாங்குறப்ப அரசாங்கத்துக்கும் சேர்த்துத்தான் குடுக்கிறேனா?”

“ஆமாம்மா.”

“இத்தனை வருசமா?”

“ஆமாம்மா.”

“அப்ப கணக்கு எங்க?”

யாரும் கைதட்டவில்லை. அவர் மைக்குக்குப் பக்கத்தில் வந்தார். அது அவருக்குத் தேவையே இல்லை. “அன்னதானத்துக்கு ஒரு வெள்ளி குடுத்தாக்கூட மாணிக்கம் வருசக் கடைசியில நின்னு கணக்குப் படிக்கிறான். அரிசிக்கு எவ்வளவு, பருப்புக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவுன்னு. எங்க சந்துச் சாக்கடை, அந்த லோங்காங், ரெண்டு வருசமா அடைச்சுக் கிடக்கு. மழை பெஞ்சா லோங்காங் தண்ணி கொட்டகைக்குள்ள வருது, மாட்டுக்குக் கால் புண்ணாகுது. நான் குடுத்த காசுல அதுக்கு எவ்வளவு வச்சிருக்கீங்க? இந்த வட்டத்துல எது எங்க லோங்காங்?”

வட்டத்தில் அப்போது சுகாதாரம் பாதி மட்டுமே மிச்சமிருந்தது.

அவர் கேட்டதுதான் தாமதம். ஆளாளுக்கு எழுந்தார்கள். தெருவிளக்கு எங்கே? பொதுக் குழாய் ஏன் ஒன்றுதான்? பள்ளிக்கூடத்துக்கு என்று சொன்னீர்களே, தமிழ்ப் பள்ளிக்கூடம் அதில் சேர்ந்ததா? நான் ஒன்றுவிடாமல் மொழிபெயர்த்தேன். எங்களுக்குப் பாதிக் கேள்விக்குமேல் பதில் தெரியவில்லை. உதவி இயக்குநர், “தெரியாது என்று சொல்லுங்கள்,” என்றார். சொன்னேன். ஆச்சரியம், யாரும் கோபப்படவில்லை. துறைவாரியாகச் செலவு போட்ட தடித்த புத்தகம் அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றும் அவர் சொல்லச்சொன்னார். அதையும் சொன்னேன். அரசாங்க மேடைகளில் அப்படிச் சொல்வது வழக்கம். யாரும் வருவதில்லை.

அதற்குள் கோவிந்தசாமி சத்தமில்லாமல் மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் மாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டதைக் கவனிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. நன்கொடையாளர் என்று பெயர் எடுத்தாகிவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே எடுத்தாகிவிட்டது. அன்று திரையை இறக்கியபோது படம் பார்க்கப் பிள்ளைகள் மட்டும்தான் உட்கார்ந்தார்கள்.

வேனில் திரும்பும்போது உதவி இயக்குநரிடம் என் வேலையைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியமில்லை. என்னை இறக்கிவிட்டபோது, “வணக்கம்,” என்றார்.

அன்றிரவு நான் நாட்குறிப்பில் எழுதிய பாடம் இது. பிறகு இந்தத் தொழிலில் எத்தனையோ மேடைகள் ஏறியும் இதைவிட நல்லதாக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அரசாங்கத்தின் கஷ்டத்திலிருந்து பேச்சை ஆரம்பிக்காதீர்கள். நம் மக்கள் இரக்கப்பட்டு உதவி செய்ய வந்துவிடுவார்கள். உதவி செய்பவர் கணக்குக் கேட்கமாட்டார். அவர்கள் ஏற்கெனவே கொடுத்திருப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். முடிந்தால் பெயர் சொல்லுங்கள். கள்ளுக்கடையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மறுநாள் புதன்கிழமை. ஏழே முக்காலுக்கு நான் அலுவலகம் போனபோது, உதவி இயக்குநரின் அறையில், அவருக்கு எதிர்நாற்காலியில் லெட்சுமி அம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அதே சந்துப் பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மேசைமேல் ஒரு போத்தல் பால் இருந்தது. உதவி இயக்குநர் அதைத் தொடாமல், அது வெடித்துவிடும் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பால் அன்பளிப்பாம்மா?” என்றேன் பதறிப்போய்.

“இல்ல. இங்கருந்து வாடிக்கை வீட்டுக்குப் போகணும். புத்தகத்தை எடுங்க.”

அன்று காலை நான் செய்த முதல் வேலை அந்தத் தடித்த புத்தகத்தை விரித்ததுதான். பேனாவில் மைகூட நிரப்பவில்லை. வடிகால் வேலைகள் என்ற பக்கத்தைத் திறந்து, சாலைப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்தேன். மூன்று பெண்களும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். கடைசிப் பெயரும் முடிந்தது.

“எங்க சந்து?” என்றார் லெட்சுமி அம்மா.

“இல்லம்மா.”

அவர் அந்தப் பட்டியலுக்குக் கீழே விரலை வைத்தார். “சரி. இதுல சேர்க்கிறது யாரு?”

மொழிபெயர்த்தேன். உதவி இயக்குநர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். பொதுப்பணித் துறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. “நாமும் போவோம்,” என்றார். பெண்கள் முன்னால் இறங்கியதும் கதவருகே நின்று, “உங்கள் கோப்பில் நேற்று எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இன்று காலை எழுதிவிட்டேன்,” என்றார்.

“என்ன எழுதினீர்கள், சார்?”

“கூட்டத்துக்கு வந்தவர்கள் மறுநாளும் வந்தார்கள் என்று. கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். நீங்கள் நிரந்தரம்.”

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் படிக்கட்டின் கீழிருந்து, “தம்பி, வர்றீங்களா இல்லையா?” என்று சத்தம் வந்தது. நாங்கள் இருவரும் அவசரமாக இறங்கினோம். லெட்சுமி அம்மா பால் போத்தலோடு ஏற்கெனவே தெருவில் நடக்க ஆரம்பித்திருந்தார். பொதுப்பணித் துறைக்கு வழி அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவர்தான் முன்னால் போனார்.